திறப்பு இருக்குமிடம்

ஜெயகௌரி துவக்கு வாங்கப்போகிறாள் என்ற செய்தி லண்டன் ரெய்னர்ஸ் லேன் மரக்கறிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, முருங்கைக்காய் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். யாரைச் சுடப்போகிறாய் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. வீட்டுக்காரர் சுகமாக இருக்கிறாரோ என்று மட்டும் விசாரித்தாள். சுகமாகத்தான் இருக்கிறார், வெம்பிளியில் ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, ஜெயகௌரி வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துப் பார்த்துப் பைக்குள் போட்டாள்.

அவள் சுடப்போவது யாரையும் அல்ல, ஒரு காகித அட்டையை. அதில் பத்து வட்டங்கள் அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மிளகளவு புள்ளி. இருபத்தைந்து யார், அதாவது எழுபத்தைந்து அடி, தள்ளிப் படுத்திருந்து அந்த மிளகைத் தொடவேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைக் கடையில் நின்று எத்தனை பேருக்கு விளங்கப்படுத்த முடியும்?

ஜெயகௌரிக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை. கையைப் பிடித்ததும் நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் குத்தி மூன்றாம் இடம் தேடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. அதே பிரிவில் வேலை செய்கிற மன்னார்க்காரி பெர்னடெற்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், "சும்மா வந்து பாருங்கோ அக்கா" என்று அவளைத் தன் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஹரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம். முதல் வெடிச் சத்தம் கேட்டபோது ஜெயகௌரியின் உடம்பு அவளைக் கேட்காமலே குனிந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய, ஊர்ச் சண்டைக் காலத்துக் குனிவு, அப்படியே இருந்தது. பெர்னடெற்றுக்கும் முதல் நாள் அப்படித்தானாம். பிறகு பாயில் படுத்து, துவக்கின் மரக்கட்டையைத் தோளில் வைத்து, மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன அமைதியில் விரலை மடித்தாள். ஊசி இறங்குகிற நேரத்து அதே அமைதி. ஒரே வித்தியாசம், எதிரில் பயந்த முகத்தோடு கையை நீட்டிக்கொண்டு யாரும் இல்லை. நோகாமல் குத்தவேண்டுமே என்ற கவலை இல்லை. அவள் மட்டும், அந்த மிளகு மட்டும். எழும்பும்போது முழங்கால் நொந்தது. மனம் ஏதோ கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

ஒன்பது மாதத்தில் அவளுடைய அட்டை நூற்றுக்கு அறுபத்து மூன்றிலிருந்து தொண்ணூறுக்கு ஏறிவிட்டது. தொண்ணூறுக்கு மேலே மட்டும் ஏறமாட்டேன் என்று நின்றது. காரணம் கிளப் துவக்கு. ஆறடி ஆண்களுக்காகச் செய்த கட்டை அது. ஜெயகௌரி ஐந்தடி ஓரங்குலம்தான். பக்கத்து வீட்டு மனிதரின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் சட்டனில் மால்கம் என்கிறவரின் கடையில் அந்தத் துவக்கு இருக்கிற செய்தியைப் பெர்னடெற் கொண்டுவந்தாள். அறுபது வருடத்துக்கு முன்னர் பர்மிங்ஹாமில் செய்த பீஎஸ்ஏ மார்ட்டினி. கீழே இருக்கிற கைபிடியை இழுத்தால் மேலே தோட்டா போடுகிற வாய் திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போகும். வோல்நட் மரம், பழைய தேன் நிறம். அதோடு வந்த மரப்பெட்டி, குறிபார்க்கிற அந்தக் காலத்துப் பித்தளை ஓட்டை எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் பழைய துவக்குகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் ஒருவரும் அதை வாங்கவில்லை. முதல் சொந்தக்காரி ஒரு சின்ன உருவக்காரியாம். தனக்காகக் கட்டையின் பின்பக்கத்தில் ஓரங்குலம் வெட்டுவித்துவிட்டாள். வெட்டுப்பட்டது சேர்ப்பவர்களுக்கு ஊனம். மால்கம் அதை மறைக்காமல் முதலிலேயே சொன்னார்.

ஜெயகௌரி தோளில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வந்து உட்கார்ந்தது. முகம் தானாக மரத்தில் சாய்ந்தது, கண் தானாகப் பித்தளை ஓட்டைக்கு நேரே போனது. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டாள். லைசென்ஸ் கிடைக்கும்வரை, ஒக்டோபர் முடியுமட்டும் வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார் மால்கம். அதற்குப் பிறகு ஏலத்துக்குப் போய்விடும்.

லைசென்ஸ் என்றால் லேசில்லை. பொலிசுக்கு விண்ணப்பம், டொக்டரின் கடிதம், தெரிந்தவர்களின் சாட்சி, பிறகு வீட்டுக்கே ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஜெயகௌரி தன் புருசனைத்தான் கேட்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

ஞானேஸ்வரனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டுக் கோழிக்கூட்டுக் கூரைக்குள் ஒரு துவக்கு இருந்தது. யாரோ கொண்டுவந்து செருகிவிட்டுப் போயிருந்தார்கள். யார், எப்போது, ஒன்றும் அவருக்குத் தெரியாது. சுற்றிவளைத்து வந்த ஆமிக்காரர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். பதினொரு மாதம் உள்ளே இருந்தார். யார் தந்தது, மற்றது எங்கே என்று அவர்கள் கேட்கக் கேட்க, தெரியாது, தெரியாது என்று உண்மையையே சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு அடியும். பிறகு ஜேர்மனியில் பன்னிரண்டு வருடம், பிறகு லண்டன். எங்கே இருந்தாலும் வீட்டில் தனக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்கக்கூடாது அவருக்கு. உபரி பல்ப் எந்த மேசை லாச்சியில், மகளின் பழைய பல்லுக் கம்பி எந்த டப்பாவில் என்று இருட்டில் கேட்டாலும் சொல்லுவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, சரி வாங்கும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் இரும்பு அலுமாரியும் வாங்கி, படிக்குக் கீழே இருக்கிற செங்கல் சுவரில் நாலு போல்ட் இறக்கி அவரே பூட்டினார். வீடு விழுந்தாலும் இது விழாது என்று அதைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஹவுன்ஸ்லோவில் தனியாக இருக்கிற மகள் லக்‌ஷிகா போனில் கேட்டுவிட்டு, "அப்பாவோ? எங்கடை அப்பாவோ?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அதிகாரி செப்டெம்பரில் வந்தார். பொலிசிலிருந்து ஓய்வுபெற்ற உயரமான வெள்ளைக்காரர். ஒருவரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அது ஜெயகௌரிக்குப் பிடித்தது. தேத்தண்ணீர் குடித்தபடி கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டார். அலுமாரியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. கதவில் இருந்த சந்தனம் குங்குமத்தையும், மேலே இருந்த தேசிக்காயையும் பார்த்து இது என்ன என்று கேட்டார். புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான், காருக்கும் வைத்தோம் என்று ஜெயகௌரி சொன்னாள். அவர் புன்னகைத்து அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அலுமாரிப் பூட்டின் திறப்பு எங்கே என்று கேட்டார்.

அது சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது. கார்த் திறப்பு, மீற்றர் பெட்டித் திறப்பு, பின்கதவுத் திறப்பு எல்லாம் அங்கேதான். புதுத் திறப்பு வந்தால் முதலில் பிள்ளையாருக்குக் காட்டி, அந்த ஆணியில்தான் போடுவார்கள். அது எங்கே இருக்கிறது என்று யார் யாருக்குத் தெரியும் என்று அதிகாரி கேட்டபோது, ஞானேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். எல்லோருக்கும் தெரியும் என்றார். எனக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், நாங்கள் ஊருக்குப் போனால் பூக்கண்டுக்குத் தண்ணீர் விட வருகிற பெர்னடெற்றுக்கும் தெரியும். இந்த வீட்டில் ஒளிப்பு மறைப்பு என்று ஒன்றுமே கிடையாது, சேர்.

அதிகாரியின் பேனை நின்றது.

பாவம் மனிதர், அதைவிட நல்ல பதில் உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்துச் சொன்னார். அதிகாரி கோபிக்கவில்லை. லைசென்ஸ் யாருடைய பெயரில் இருக்கிறதோ, அந்த ஒருவரைத் தவிர வேறு ஒருவருக்கும் திறப்பு இருக்கிற இடம் தெரியக்கூடாது, புருசன் பெண்சாதி என்றாலும்தான் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார். மூன்று கிழமையில் திரும்ப வருவேன், அப்போது இதே கேள்வியைக் கேட்பேன் என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

கதவு சாத்தியபிறகும் ஞானேஸ்வரன் பிள்ளையார் படத்துக்கு முன்னாலேயே நின்றார்.

"துவக்கு வரட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றார். "திறப்பு எங்கை எண்டு எனக்குத் தெரியோணும். அவ்வளவுதான்."

"அதுதானே ஏலாதெண்டு அந்த மனுசன் சொல்லிப்போட்டுப் போறார்."

"அவருக்குத் தெரியாமல் என்னட்டைச் சொல்லும்."

"கேட்டால் நான் பொய்யெல்லோ சொல்லோணும்? கையெழுத்து என்ரை."

அவர் சண்டை பிடிக்கவில்லை. அவர் சண்டை பிடித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றிரவு சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவர் சமையலறை லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது அவளுக்குக் கேட்டது. அங்கே ஒன்றும் ஒளிக்கவில்லை என்று அவருக்கே தெரியும். அடுத்த நாளும் பார்த்தார். டைல்ஸ் பெட்டி தூக்கி உரம் ஏறிய அந்தக் கை கரண்டிகளை ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பதை ஜெயகௌரி கதவடியில் நின்று கண்டாள்.

லக்‌ஷிகா சொன்னாள், கிளப்பிலேயே வைத்துவிடலாமே என்று. ஜெயகௌரி கேட்டுப் பார்த்தாள். கிளப் பெட்டகத்தில் கிளப் துவக்குகளுக்கே இடம் போதாது. பெர்னடெற் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

இரண்டாம் கிழமை ஜெயகௌரி முடிவு கட்டிவிட்டாள். முப்பது வருடம் கூட இருந்த மனிதர் ராவு ராவாக லாச்சி திறந்து பார்க்க, தான் மிளகைச் சுட்டு என்ன கண்டது? வேண்டாம். ஆனால் இதைப் போனில் சொல்வது மரியாதையில்லை. மால்கம் ஒரு நல்ல மனிதர், சொன்ன சொல்லுக்காகப் பொருளை வைத்துக்கொண்டிருக்கிறார். நேரில் போய்ச் சொல்லவேண்டும். சனிக்கிழமை ஞானேஸ்வரனே காரில் கூட்டிப்போனார். சட்டன் போகும்வரை இருவரும் ரோட்டு வேலைகளைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

கடைக்குள் அவர் வந்தது இதுதான் முதல் தடவை. கதவோடு ஒட்டி நின்றுகொண்டார். ஜெயகௌரி வாயைத் திறக்கமுன்னரே மால்கம், வந்துவிட்டீர்களா என்று சந்தோசமாக உள்ளே போய்த் துவக்கை எடுத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைக்கவில்லை. முதலில் கைபிடியை இழுத்து வாயைத் திறந்தார், தான் பார்த்தார், பிறகு அவள் பக்கம் சாய்த்து அவளைப் பார்க்கச் சொன்னார். அவள் குனிந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றாள். அது அவளுக்குப் பழக்கமான காரியம். கிளப்பில் ஒரு துவக்கு கை மாறுகிற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கொடுக்கிறவர் திறந்து காட்டவேண்டும், வாங்குகிறவர் பார்த்துச் சொல்லவேண்டும். சோறு பரிமாறமுன் இலைக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல அவள் அதை யோசிக்காமலே செய்துவந்தாள்.

பிறகு மால்கம் கதவோடு நின்ற ஞானேஸ்வரன் பக்கம் நடந்தார். திறந்த துவக்கை இரண்டு கையிலும் ஏந்தியபடி அவருக்கும் காட்டினார்.

நான் வாங்குகிறவன் இல்லை, அவதான் என்றார் ஞானேஸ்வரன்.

இந்த அறைக்குள் நிற்கிறீர்களே, அது போதும், அறைக்குள் நிற்கிற எவருக்கும் பார்க்கிற உரிமை உண்டு என்றார் மால்கம்.

ஞானேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து வாசிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டார். குனிந்தார். ஓட்டைக்குள் பார்த்தார். நிமிர்ந்து, மேசையில் இருந்த சின்ன டோர்ச் லைற்றைக் காட்டி, அதைத் தாங்கோ என்றார். மால்கம் கொடுத்தார். வெளிச்சத்தை அடித்து இன்னொரு தரம் பார்த்தார். மூன்றாம் தரமும் பார்த்தார். மால்கம் அசையாமல், அவசரப்படுத்தாமல், கை நோகிறதென்றும் காட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டும் இல்லை" என்றார் ஞானேஸ்வரன் தமிழில், யாருக்கென்று இல்லாமல்.

ஜெயகௌரி சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அவர் அவளுடைய முழங்கையைத் தொட்டார். லைசென்ஸ் கையில் வந்ததும் வருகிறோம் என்று மால்கத்திடம் அவரே சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

காரில் ஏறியும் அவர் காரை எடுக்கவில்லை. ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிரில் நின்ற சிவப்பு பஸ் போகுமட்டும் பார்த்தார்.

"கௌரி, எனக்கு அண்டைக்கு ஒருத்தனும் திறந்து காட்டேல்லை" என்றார். "என்ரை வீட்டுக்கைதான் இருந்தது. நான்தான் அடி வாங்கினனான். கடைசிவரைக்கும் அது என்ன சாமான் எண்டுகூட நான் காணேல்லை."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்குள்ளை அது வரேக்கை எனக்குத் திறந்து காட்டும். வெளியிலை போகேக்கையும் காட்டும். எத்தினை தரம் கேட்டாலும் காட்டோணும். திறப்பு எங்கை எண்டு எனக்குச் சொல்லாதையும்."

"உங்களுக்கு ஏலுமோ?"

"ஏலாட்டி வந்து சொல்லுறன். லாச்சியைக் கிண்டமாட்டன்."

அன்றைக்கே ஜெயகௌரி பிள்ளையார் ஆணியிலிருந்து அந்தத் திறப்பைக் கழற்றினாள். அவர் பின்வளவுக்குப் போய், உதிர்ந்த இலைகளை அவசரமில்லாமல் கூட்டிக்கொண்டு நின்றார். வேலை முடிந்து அவள் கூப்பிட்டபிறகுதான் உள்ளே வந்தார். அது எங்கே போனது என்று இந்தக் கதையும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கும் வேண்டாம். சட்டம் சட்டம்தான்.

மூன்றாம் கிழமை அதிகாரி வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், தேத்தண்ணீர் குடித்தார். சாமித்தட்டைப் பார்த்தார், ஆணியில் கார்த் திறப்பும் மற்றத் திறப்புகளும் இருந்தன. ஜெயகௌரியிடம் இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு, ஞானேஸ்வரன் பக்கம் திரும்பினார். அலுமாரித் திறப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, சேர்?

ஜெயகௌரி தன் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஞானேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வயதில் ஆயிரம் தரம் சொன்ன அந்தச் சொல்லை இப்போது இங்கிலீசில் சொன்னார். தெரியாது.

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தலையாட்டி, குனிந்து அதை எழுதினார். நன்றி சேர், நான் கேட்கவேண்டியது அவ்வளவுதான் என்றார்.

ஞானேஸ்வரன் அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடுத்த வரிக்குப் போனது. அவர் எழும்பி, தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. மூன்று கோப்பை கழுவ வேண்டியதைவிட நெடுநேரம் அந்தத் தண்ணீர் ஓடியது. ஜெயகௌரி எழுந்து போகவில்லை. அதிகாரியும் அவசரப்படவில்லை. சுவரில் இருந்த லக்‌ஷிகாவின் பட்டமளிப்புப் படத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் ஒக்டோபர் கடைசிக் கிழமையில் தபாலில் வந்தது. சனிக்கிழமை துவக்கு வீட்டுக்கு வந்தது. வாசலிலேயே பெட்டியை இறக்கி, கதவைச் சாத்தி, ஜெயகௌரி அதை எடுத்துக் கைபிடியை இழுத்துத் திறந்தாள். ஞானேஸ்வரன் டைல்ஸ் இடுக்குப் பார்க்கிற டோர்ச்சோடு தயாராக நின்றார். குனிந்து பார்த்தார்.

"ஒண்டும் இல்லை" என்றார்.

"ஒண்டும் இல்லை" என்றாள் அவள்.

மரத்தில் வைத்தால் எண்ணெய் மெருகு கெட்டுவிடும் என்று குங்குமத்தைப் பெட்டிக்கு மட்டும் வைத்தாள். வெட்டுப்பட்ட பின்பக்கத்தை அவர் விரலால் தடவிப் பார்த்து, வெட்டினவன் நல்ல வேலைகாரன், விளிம்பு ஒரு இடத்திலும் பிசகவில்லை என்று தன் தொழில் கண்ணால் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அட்டை தொண்ணூற்றாறு காட்டியது. பெர்னடெற் அதில் திகதி எழுதிக் கொடுத்தாள். அது இப்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கினவள் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒருக்கால் காட்டுவியோடியப்பா, படுத்திருந்து செய்கிற வேலையென்றால் எனக்குச் சரிவரும் என்றாள்.

ஒன்று மட்டும் அந்த வீட்டில் மாறிவிட்டது. சென்ற ஞாயிறு ஞானேஸ்வரன் ஒரு பார்சலை ஒட்ட செலோரேப் தேடினார். சமையலறை லாச்சியின் பிடியில் கையை வைத்துவிட்டு, இழுக்காமல் நின்று மேல்மாடிக்குக் குரல் கொடுத்தார்.

"கௌரி, இதைத் திறக்கலாமோ?"

மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஜெயகௌரி சிரித்தாள்.

"திறவுங்கோ" என்றாள். "அதுக்கை செலோரேப் மட்டும்தான்."